அடைகோழி தெரிந்தெடுத்த மோட்டார் சைக்கிள்

நான் குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தவற்றில் பாதிக்கு என் கால்கள்தான் காரணம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தபோது, நாற்காலியில் இருந்தால் என் கால் தரையில் முட்டாது. அதைப் பார்த்துச் சக கிளாக்கர்மார் சிரிப்பார்கள், எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். அப்படிப்பட்டவன் ஒருநாள் எழுந்து மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கிழமை கந்தோரில் யாரும் ஒழுங்காக வேலை செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

யுத்தம் முடிந்திருந்தது, வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. நானும் மனைவியும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், முதற்பிள்ளைப்பேறு தாய் வீட்டில்தான் என்ற வழக்கப்படி, மாமாவும் மாமியும் வந்து அவளைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து என் பாடு பெரும்பாடு. கந்தோர் விட்டதும் ட்ராம் பிடித்து, மிச்சத் தூரத்தை நடந்து, அவள் முகத்தை அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, திரும்பக் கோட்டைக்கு வந்து ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும்போது சாப்பாட்டுக் கடையில் வாங்குப் பலகைகளைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் மோட்டார் சைக்கிள் ஆசையை எனக்குள் உண்மையில் மூட்டியது அந்த அலைச்சல் அல்ல. என் மனைவி கேட்ட ஒரு வரம். எங்கள் கலியாணத்தன்று, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு வாடகைக் காரில் வந்தோம். கண்ணாடியெல்லாம் மூடி, உறவுக்காரர் ஐந்து பேரோடு எங்களையும் அடைத்து அனுப்பினார்கள். தோல் ஆசனத்தின் நாற்றமும் பெற்றோல் நாற்றமும் சேர்ந்து அவளுக்கு வயிற்றைப் பிரட்டிவிட்டது. வழியில் மூன்று தரம் சத்தி எடுத்தாள். மூன்றாவது தரம் என் பட்டு வேட்டியில். அன்றிலிருந்து மூடின கார் என்றால் அவளுக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது.

ஒரு பின்னேரம் அவள் கட்டிலில் சாய்ந்திருந்து சொன்னாள்: "முப்பத்தொண்டு கழிச்சு வீட்டை வரேக்கை என்னைக் காரிலை ஏத்தாதேங்கோ. என்னையும் பிள்ளையையும் நீங்கள்தான் காத்துப்பட ஒரு வண்டியிலை கூட்டிக்கொண்டு போகவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு என்ற பேற்றுத் தீட்டைக் கழித்து, அதன் பிறகு மாமியும் துணைக்கு வர, அவள் வெள்ளவத்தைக்குத் திரும்புவதென்று முன்னமே பேசியிருந்தது. கலியாணத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டு என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓம் என்றேன். எனக்கு அப்போது சாதாரணச் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது.

முதலில் பார்த்தது கோட்டையில் ஒரு பெரிய கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற புத்தம் புது இங்கிலாந்து வண்டி. கறுப்பு டாங்கியில் பொன் கோடு. விற்பனைக்காரர் மிகவும் மரியாதையாக என்னை ஏறி இருந்து பார்க்கச் சொன்னார். ஏறினேன். இரண்டு பெருவிரல் நுனியும் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன. அவர் என் காலைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. விலையைக் கூடக் கேட்காமல் இறங்கி வந்தேன்.

அடுத்தது இரத்மலானை. விமானப்படைக்காரர் கழித்துவிட்ட வண்டிகளை அங்கே ஒரு வளவில் வரிசையாக விட்டிருந்தார்கள். எல்லாம் பாசி நிறம், எல்லாம் எருமை கனம். ஒன்றை உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்தேன். நான் அதை ஒருதரம் உதைக்க, அது என்னை ஒருதரம் உதைத்தது. இரண்டு நாள் நொண்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். கேட்டவர்களுக்கு ரயில் படியில் சறுக்கியதாகச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

மூன்றாவது, எங்கள் கந்தோரிலேயே ஒருவர் விற்க வைத்திருந்த சின்ன வண்டி. பழசு, நன்றாகப் புகைக்கும். ஆனால் ஏறி இருந்தால் என் இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிந்தன. எனக்கு உடனே அதன்மேல் காதல் வந்துவிட்டது. அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போய் அதன் அருமை பெருமைகளை மனைவிக்கு விவரித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதிலை நானும் பிள்ளையும் எங்கை இருக்கிறது?" என்றாள். பின்னால் ஒரு சின்ன ஆசனம் இருக்கிறது என்றேன். அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ரயில்வேயில் கார்டாக இருந்து பென்ஷன் எடுத்தவர். நல்ல பருமன், அதற்கேற்ற வெள்ளைக் கோட்டு. முப்பது வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று, தண்டவாளம் பின்னால் ஓடிப்போவதைப் பார்த்தபடியே இலங்கை முழுவதும் போனவர். கனக்கக் கதைக்க மாட்டார். கதைத்தால் அது தீர்ப்பு.

"தம்பி, உது ஓடேக்கை மட்டும் நிக்கிற சாமான். நிண்டா விழும். உதிலை என்ரை பிள்ளையை ஏத்த நான் விடமாட்டன். காரிலை போகட்டும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் மாமனாருடன் சண்டை பிடித்து வெல்ல முடியுமா? நின்றாலும் விழாத மோட்டார் சைக்கிள் என்றால் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருந்தால் பார்க்கலாம் என்றார். இருந்தது. மட்டக்குளியில், ஆறு கடலில் விழும் பக்கமாக, ஒரு சிங்கள மெக்கானிக்கின் வளவில் பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டேன். சிலர் அந்தப் பெட்டியைச் சைட்கார் என்பார்கள். நாங்கள் கடைசிவரை பெட்டி என்றுதான் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வண்டிக்கு இடப்பக்கத்தில் ஒரு குட்டித் தோணி மாதிரிப் பெட்டி, அதற்குக் கீழே தனியாக ஒரு சக்கரம், ஏறி இறங்கச் சின்னக் கதவு. நான் வண்டியில் ஏறி இருந்தேன். கால் தரையைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை! மூன்று சக்கரத்தில் அது தானாகவே நின்றது. இவ்வளவு நாளும் என் காலுக்கு ஏற்ற வண்டியைத் தேடி அலைந்தேனே, காலே தேவைப்படாத வண்டி ஒன்று இருப்பது என் மண்டைக்கு எட்டவில்லை. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால், ஆசனத்தில் சிவப்புப் புள்ளி விழுந்த ஒரு செம்மறைக் கோழி அடை கிடந்தது. மெக்கானிக்கின் மனைவி ஓடிவந்து, கிட்டப் போக வேண்டாம், குஞ்சு பொரிக்க இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அதுவரை வண்டியை அசைக்க விடமாட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார். முட்டையை ஒரு ஓலைக் கடகத்துக்கு மாற்றினால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாமா இதொன்றையும் கவனிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, கோழியை வெகுநேரம் பார்த்தார். கையால் பெட்டியை ஒருதரம் மெல்ல ஆட்டினார். கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மாமா எழும்பி என்னிடம் வந்தார்.

"ஆடுற இடத்திலை கோழி அடை கிடவாது, தம்பி. இதை எடும்."

எட்டு நாள் சுணங்குமே என்று நான் முணுமுணுத்தேன். "எங்கடை வீட்டிலையும் ஒண்டு கிடக்குது. அதை ஆரும் தூக்கி வேறை இடத்திலை வைக்கச் சொன்னா விடுவீரோ?" என்று கேட்டார். மாமா பகிடி விட்டதை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். விலை அங்கேயே படிந்தது. எட்டு நாளில் பதினொரு குஞ்சு பொரித்தது. பெட்டியைச் சவுக்காரம் போட்டு மூன்று தரம் கழுவினோம். அப்படியும் ஒரு வருடத்துக்கு, வெயில் நாட்களில் கோழி வாசம் அடித்தது.

வண்டியை மெக்கானிக்கே ஓட்டி வந்து கொட்டாஞ்சேனைக் கோயிலடியில் விட்டார். புது வண்டி முதலில் சாமிக்குக் காட்டப்பட வேண்டுமல்லவா? மாமி தேங்காய், கற்பூரம், நான்கு எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டு வந்திருந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து முடிந்ததும் கையில் ஒரு எலுமிச்சம்பழம் மிஞ்சியது. மாமிக்கு முகம் மாறிவிட்டது. வண்டியைச் சுற்றி வந்து நான்காவது சக்கரத்தைத் தேடினார். பிறந்ததிலிருந்தே அதற்கு மூன்றுதான் என்று மாமா சத்தியம் பண்ணிய பிறகுதான் ஐயர் கற்பூரம் கொளுத்தினார்.

பழகுவதற்கான அனுமதிக் கடதாசியை எடுத்தேன். மெக்கானிக் ஒரு பின்னேரம் முழுவதும் நின்று கிளட்சையும் கியரையும் காட்டித் தந்தார். எங்கே ஓட்டிப் பழகுவது என்ற கேள்விக்கு மாமி தீர்வு சொன்னார். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஓட்டினால் சாமியும் பார்த்துக்கொள்ளும், ஓட்டுகிற ஓட்டத்தில் மகளின் பேறு நல்லபடியாக நடக்க நூற்றெட்டுச் சுற்று நேர்த்திக்கடனும் நிறைவேறும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வண்டியை விட, கோயிலடிப் பூக்கடைக்காரர் தன் கொட்டிலில் இடம் தந்தார். மாமா வீட்டுக்கு அங்கிருந்து நடை தூரம்தான்.

நாளுக்கு ஒன்பது சுற்று வீதம் பன்னிரண்டு நாள் ஓட்டினேன். முதல் நாள் முக்கி முனகிக்கொண்டு ஓடியது. நான்காம் நாள் ஒரு மாட்டுவண்டியை முந்தினேன். ஏழாம் நாள் ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பினேன். மல்லிகைப்பூ வாசமும் பெற்றோல் வாசமும் கலந்து வரும். கோயிலுக்கு வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து ஒன்று, இரண்டு என்று எனக்காகச் சுற்று எண்ணுவார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ராசா. நூற்றெட்டுச் சுற்றும் முடிந்தபோது, எனக்கு இனிப் பழக ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

கோயிலை எப்படிச் சுற்றுவோம்? வலம்தானே வருவோம். நூற்றெட்டுச் சுற்றிலும் ஒவ்வொரு மூலையிலும் நான் வலப்பக்கமே திரும்பியிருந்தேன். சாமிக்கு எதிர்ச்சுற்றுப் போகும் எண்ணம் எங்கள் ஒருவர் தலையிலும் உதிக்கவில்லை. பூக்கடைக் கொட்டிலுக்குள் திரும்புவதும் வலப்பக்கம்தான். அதாவது, நான் என் வாழ்க்கையில் ஒரு தரமாவது மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் திருப்பியதே இல்லை. அது எனக்கே தெரியாது.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் மனைவிக்குப் பேற்று நோக் கண்டது. மருத்துவிச்சி வந்தார். நான் அறை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோருடைய காலிலும் இடறியதால், வெளியே போய் ஏதாவது செய்யச் சொல்லி மாமி கலைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கோயிலைச் சுற்றுவது. வண்டியை எடுத்துச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று தெரியாது, வாயில் வந்த தேவாரமெல்லாம் அரைகுறையாகப் பாடினேன். ஒரு மூலை திரும்பும்போது, பூக்கடைக்காரர் நடுவீதியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பொம்பிளைப் பிள்ளையாம் ஐயா. தாயும் பிள்ளையும் சுகமாம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வண்டியைக் கொட்டிலில் விட்டு நடந்து போகும் பொறுமை யாருக்கு இருந்தது? நேரே மாமா வீட்டு ஒழுங்கைக்கு விட்டேன். அந்த ஒழுங்கை இடப்பக்கம்.

நல்ல வேகத்தில் போய் இடப்பக்கம் திருப்பினேன். வெறும் பெட்டி, நாய் காலைத் தூக்குவது போல, சக்கரத்தோடு மேலே எழும்பியது. வண்டி என்மேல் கவிழப் போகிறது என்று நினைத்து நான் கைபிடியை நேரே பிடிக்க, பெட்டி தடாரென்று கீழே விழுந்தது. வண்டி ஒழுங்கையை விட்டுவிட்டு நேரே போய், வீதியோரம் குவித்திருந்த செவ்விளநீர்க் குவியலில் ஏறி நின்றது. இளநீர்கள் நாலா பக்கமும் உருண்டன. நான் அவற்றின் நடுவில், மேலெல்லாம் இளநீரும் சேறுமாக இருந்தேன். இளநீர் விற்ற சிங்களப் பெண் வாயில் வந்தபடி ஏசத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மகள் பிறந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏச்சை நிறுத்தினார். உடையாத ஒரு இளநீரை எடுத்துச் சீவி என் கையில் தந்து, குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அப்படி ஒரு இளநீரை அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

கிணற்றடியில் குளிக்க வார்த்த பிறகுதான் மாமி என்னை அறைக்குள் விட்டார். பிள்ளை ஒரு சின்னத் துணிப்பொட்டலம். அதற்குள் சுருங்கிய சிவப்பு முகம். மனைவிக்கு அதற்குள் இளநீர்க் கதை போய்விட்டது. என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, "சிரிப்புக் காட்டாதேங்கோ, நோகுது" என்றாள். எங்கள் மூவரின் முதல் சந்திப்பு அப்படித்தான் நடந்தது.

மாமா சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை, ரயில் விபத்தை விசாரிக்கப் போவது போலக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். வீதியில் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தார், இளநீர்க்காரியை விசாரித்தார், வண்டியைச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வந்து, முப்பத்தோராம் நாளுக்கு வாடகைக் காருக்குச் சொல்லப் போவதாக அறிவித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. பிழை என்னுடையது என்று தெரிந்தபடியால்தான் அவ்வளவு கோபம். இரண்டு நாள் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வண்டியை மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கேட்ட ஒன்றைக் கொடுக்கக் கையாலாகாதவன் என்ற நினைப்பு என்னை அரித்தது.

மூன்றாம் நாள், மனைவி கட்டிலில் இருந்தபடியே தகப்பனைக் கூப்பிட்டு, வண்டி ஏன் அப்படித் துள்ளியது என்று கேட்டாள். சரக்கு ஏற்றாத வெறும் ரயில் வாகன் வளைவில் துள்ளத்தான் செய்யும், அதற்குள் பாரம் இருந்தால் துள்ளாது என்றார் மாமா.

"அப்ப, வெறுமையா ஓடினதுதானே பிழை. நான் இருந்தாத் துள்ளாதே?"

"நீ இருக்க முந்தி ஆர் இருந்து பாக்கிறது?"

அவள் தகப்பனுடைய தோளிலிருந்து வயிறுவரை ஒருதரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாமி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார்.

அன்று பின்னேரமே மாமா பெட்டிக்குள் ஏறினார். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, மடியில் குடை. துடக்கு என்பதால் கோயிலைச் சுற்றி ஓட முடியாது, அது நல்லதாயிற்று. இடம், வலம், சந்து, பொந்து எல்லாம் ஓடினோம். முதல் இடப்பக்கத் திருப்பத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். சக்கரம் நிலத்தை விட்டு ஒரு அங்குலமும் எழும்பவில்லை. இரண்டாவது திருப்பத்தில் ஒரு கண்ணைத் திறந்தார், அந்தக் கோழியைப் போல. மூன்றாம் நாளிலிருந்து, தன் பழைய பச்சைக் கொடியைக் கொண்டுவந்து, இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் வெளியே நீட்டத் தொடங்கினார். கொட்டாஞ்சேனை முழுவதும் வாசலுக்கு வந்து எங்களை வேடிக்கை பார்த்தது. எனக்கு வழக்கமாக வரும் கோபம் அப்போது ஏனோ வரவில்லை.

போகப் போக, நான் கந்தோரிலிருந்து வருமுன்னமே மாமா கொட்டிலடியில் நிற்பார். ஒருநாள் களனிப் பாலம் தாண்டி வத்தளை வரைக்கும் போனோம். பின்னேர வெயில், இரண்டு பக்கமும் தென்னை, காற்று முகத்தில் அடித்தது. திரும்பலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சத் தூரம் விடச் சொன்னார். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முப்பது வருசம் நான் கடைசிப் பெட்டியிலைதான் போனனான், தம்பி. முன்னுக்கு இருந்து றோட்டு வாறதைப் பாக்கிறது இப்பதான்."

நான் அவருக்கு இன்னொரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

லைசென்ஸ் பரீட்சைக்கும் அவரைத்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பரீட்சை வைத்த துரை, பெட்டிக்குள் குடையோடு இருந்தவரைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். மாமா இருந்தபடியே தொப்பியைக் கழற்றி, நான் பாரம், ஐயா, என்று இங்கிலீசில் மறுமொழி சொன்னார். துரை சிரித்த சிரிப்பில் மிச்சக் கேள்விகளை மறந்துவிட்டாரோ என்னவோ, இடம் ஒன்று, வலம் ஒன்று, எட்டுப் போல ஒரு வளையம் போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

முப்பதாம் நாள், மாமா தெருச்சந்திப் பலசரக்குக் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளையும் பேத்தியையும் நிறுத்தார். தானும் ஏறி நின்றார். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறாராக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த நாள் துடக்குக் கழித்து, தலைமுழுகி, பிள்ளைக்குப் பெரிய பொட்டு வைத்து எல்லாம் முடிந்ததும், முன் மூக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஏதோ அடுக்கிக் கயிற்றால் மூடிக் கட்டியிருந்த பெட்டிக்குள் மனைவி பிள்ளையோடு ஏறினாள். கயிற்றை வீட்டுக்குப் போய்த்தான் அவிழ்க்க வேண்டும் என்றார் மாமா. மாமி சாமான்களோடு காரில் முன்னுக்குப் போய்விட்டார். மாமாவும் வந்து எங்களோடு கொஞ்ச நாள் இருக்கலாமே என்று கேட்டேன். மருமகன் வீட்டில் போய்க் கிடக்கிற ஆள் தான் இல்லை, வீட்டைப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒழுங்கை வாயிலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாமா அந்த மூலையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். மகளையும் பார்க்கவில்லை, பேத்தியையும் பார்க்கவில்லை. மூன்றாவது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சக்கரம் எழும்பவில்லை. அவர் தலையை ஒருதரம் ஆட்டியதைக் கண்ணாடியில் கண்டேன்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது? புறக்கோட்டைச் சனத்துக்குள்ளால் ஊர்ந்து போனோம். காலிமுகத்திடலுக்கு வந்ததும் கடற்காற்று ஒரேயடியாக வந்து மோதியது. மனைவி சேலைத் தலைப்பைப் பிள்ளைக்குக் குடையாகப் பிடித்தாள். அவளுடைய கூந்தல் அவிழ்ந்து பறந்தது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பிள்ளை நித்திரை. வெள்ளவத்தையில் கடைசியாக இடப்பக்கம் திரும்பி எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றபோது, அவள் என் கையைப் பிடித்து, வயிறு பிரட்டவே இல்லை என்றாள். நான் அன்று ஆறடி உயரம்.

காரில் முந்தி வந்துவிட்ட மாமி ஆலத்தி எடுத்து முடிந்ததும், பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு சாக்கு அரிசி, தேங்காய், பனங்கட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அம்மிக்குழவி. மாமி தன் குழவியை அடையாளம் கண்டு தலையில் கை வைத்தார். அரிசிச் சாக்கின் வாயில் ஒரு துண்டுக் கடதாசி செருகியிருந்தது. மாமாவின் கையெழுத்து, ரயில்வேப் புத்தகத்தில் எழுதுவது போல, ஒன்றன் கீழ் ஒன்றாக:

"நான், 182 இறாத்தல். மகள், 98. பேத்தி, 8. குறைவு, 76. அரிசி 40. தேங்காய் 18. பனங்கட்டி 6. குழவி 12. சரி."

அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்: "அரிசியைச் சமைத்தால் பாரம் குறையும். வெறுமையாக ஓட வேண்டாம். என்னை ஏற்றலாம்."

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள். கண் நிறைந்துவிட்டது, முகம் சிரித்தது. பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, சாக்கின் வாயை அவிழ்த்தாள்.

"அம்மா, பெரிய பானையிலை உலை வையுங்கோ. இண்டைக்கே சமைப்பம்."

அரிசிச் சாக்கை இறக்கிவிட்டு, குழவியும் தேங்காயும் இருந்தபடியே இருக்க, பாரத்துக்கு இரண்டு சாக்கு மணலையும் போட்டுக்கொண்டு அப்போதே கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினேன். ஒழுங்கை வாயிலில், காலையில் விட்டுப்போன அதே மூலையில், அதே கோட்டும் தொப்பியும் குடையுமாக மாமா நின்றார். கையில் பச்சைக் கொடி சுருட்டியிருந்தது. நான் வண்டியை நிறுத்துமுன்னமே வந்து பெட்டியின் கதவைத் திறந்து, இரண்டு மணல் சாக்கையும் தூக்கி வீதியோரம் வைத்துவிட்டு ஏறி இருந்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு நேரம்?" என்றார்.